மானுக்கு எடை பார்த்த ஊசி

அக். 13, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று பூச்சாண்டி. மருந்தகத்தில் இன்று: இரண்டு பசு, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு கிளி. கிளிக்கு நோய் ஒன்றுமில்லை. கொழுப்பு.

பதினோரு மணிக்கு ஏகாம்பரம் அண்ணன் போன். வனத்துறைக் காவலர். மயில் மாட்டினாலும் பாம்பு மாட்டினாலும் இந்தக் கால்நடை டாக்டர்தான் அவருக்கு முதல் நம்பர்.

"டாக்டரம்மா, சவுக்குத் தோப்புல ஒரு ஆம்பள மானு. கொம்புல மீன்வல மாட்டிகினு சுத்திகினு கீது. வாயத் தொறக்க முடில அதால. மூணு நாளா பாக்கறேன்."

"நான் மானுக்கு வரமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ணா."

"தெரியும். வந்து பாத்துட்டு வரமாட்டேன்னு சொல்லுங்க."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினத்துக்கு முன்னால் ரோட்டின் கடல் பக்கத்துத் தோப்பு. தொலைநோக்கியில் பார்த்தது:

- புள்ளிமான், நல்ல வயசு.
- நீல நைலான் வலை. கொம்பில் பந்தாகச் சுற்றி, ஒரு முனை இறங்கி முகவாயைக் கட்டியிருக்கிறது. கொம்பில் இரண்டு மிதவை வேறு, ஜிமிக்கி மாதிரி.
- வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. தண்ணீர் உறிஞ்சுகிறது. புல் கடிக்க முடியவில்லை.
- விலா எலும்பை எண்ணலாம்.

ரேஞ்சர் சொல்கிறார், தீபாவளிக்குள் முடிக்க வேண்டுமாம். இருபதாம் தேதி தீபாவளி. வெடிச் சத்தத்தில் அது மிரண்டு ஓடினால் வலை எங்காவது மரத்தில் மாட்டும், கழுத்து முறியும். சரியாகத்தான் சொல்கிறார். தூரத்திலிருந்து மயக்க ஊசி சுட்டுத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதைச் சுடப் பயிற்சி எடுத்தவள் நான் ஒருத்தி. அதனால்தான் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

போன வருஷம் இதே மாதம், செங்கல்பட்டு ஏரிப் பக்கம், ஒரு பெண் மான். கழுத்தில் கம்பிச் சுருள். நான் சுட்ட ஊசி தொடைச் சதையில் படாமல் எலும்பில் பட்டது. கால் முறிந்தது. முறிந்த காலோடு மானைக் காட்டுக்கு அனுப்ப முடியாது. என் கையாலேயே கடைசி ஊசியும் போட்டேன். ஒரு வருஷமாக அந்தக் கண் என்னை விடவில்லை.

செந்திலிடம் சொன்னேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னிடம் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளாத மனுஷன். "நீ போகலன்னா அது செத்துடும். நீ போனா சாகலாம், பொழைக்கலாம். அவ்ளோதானே கணக்கு?" என்றார். கோபம் வந்தது. தோசை கருகியது.

அக். 14, செவ்வாய்

மேகம். மழை இல்லை. ரேஞ்சர் ஆபீஸிலிருந்து துப்பாக்கியும் டார்ட் பெட்டியும் வாங்கி வந்தேன். கையெழுத்து மூன்று இடத்தில்.

டார்ட் என்பது பறக்கிற ஊசிதான். முன்னால் ஊசி, நடுவில் மருந்து, பின்னால் குஞ்சம். பெட்டியில் இருப்பவை:

கனமானது, அலுமினியம், 4. கடல் காற்றுக்கு அசையாது, நேரே போகும். ஆனால் அடி பலம். போன வருஷம் சுட்டது இது.

லேசானது, பிளாஸ்டிக், 7. மெத்தென்று படும், எலும்பைத் தொட்டாலும் முறிக்காது. ஆனால் காற்று அடித்தால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

மாட்டுக்கு எதுவும் சரி. மானுக்குத் தொடை என்று கடவுள் கொடுத்திருப்பது என் இரண்டு உள்ளங்கை அளவு. நேராகவும் போக வேண்டும், மெதுவாகவும் பட வேண்டும். பேராசைதான். லேசானது என்று முடிவு செய்தேன். இனி அலுமினியம் மானுக்குக் கிடையாது.

ஏழில் இரண்டுக்குக் குஞ்சம் நைந்திருக்கிறது. கழித்தாயிற்று. மீதி ஐந்தும் பல தடவை சுட்டு, கழுவி, ஊசி மாற்றியவை. பார்க்க ஒன்று போல இருக்கின்றன. எடை ஒன்றா? எடை மாறினால் விழுகிற இடம் மாறும். மருந்தகத் தராசு மாட்டுத் தீவனத்துக்கானது, ஒரு கிராமெல்லாம் அதற்குக் கொசு.

எனவே நகைக்கடை. செங்கல்பட்டு பஜாரில் தாலி வாங்கிய கடை. ஐந்திலும் மருந்து அளவுக்குத் தண்ணீர் நிரப்பி டிபன் பாக்ஸில் எடுத்துப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, ராக்கெட்டா?"

"மானுக்கு ஊசி. எடை மட்டும் பாத்துச் சொல்லுங்க. அஞ்சும் ஒண்ணா இருக்கணும்."

"தங்கம் வெள்ளி தவிர இந்தத் தராசு எதயும் தொட்டதில்ல."

சொல்லிக்கொண்டே கண்ணாடி மூடியைத் திறந்தார். ஒவ்வொன்றையும் வெல்வெட் துணியில் துடைத்து, இடுக்கியால் பிடித்து வைத்து, மூச்சை அடக்கிப் பார்த்தார். பவுன் எடை போடுகிற அதே பக்தி. பின்னால் மோதிரம் வாங்க வந்த தம்பதி நின்றுகொண்டே இருந்தார்கள், பாவம்.

"இந்த நாலும் அண்ணன் தம்பி, கூடப்பொறந்ததுங்க. இது மட்டும் சம்பந்தி வூட்டு ஆளு, எடை தூக்கலா கீது."

சம்பந்தியைத் தனியாக வைத்தேன். நான்கு போதும். கிளம்பும்போது, "மானு பொழச்சா ஒரு போன் பண்ணுங்க" என்றார். நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன். நன்றி சொன்னேனா? அவசரத்தில் சொல்லவில்லை போலிருக்கிறது.

அக். 15, புதன்

காற்று இல்லை, வெயில். மருந்தகத்துக்குப் பின்னால் வைக்கோல் அடைத்த கோணியைக் கட்டித் தொங்கவிட்டார் ஏ. அண்ணன். கரியால் வட்டம். இருபத்திரண்டு மீட்டர் அளந்து நின்றேன். துப்பாக்கியில் காற்றழுத்தம் குறைவாக வைத்துச் சுட்டேன். தண்ணீர் டார்ட்.

1. இடது, ஒரு சாண்.
2. இடது, கீழே.
3. இடது, கீழே. கோணியின் ஓரம்.
4. கோணியிலேயே இல்லை. முருங்கை மரத்தில்.

மறுபடி நான்கும். மறுபடி இடது. மான் நின்றிருந்தால் இரண்டு வயிற்றில், ஒன்று முழங்காலில்.

அழுத்தத்தைக் கூட்டினால் நேராக வருமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போன வருஷம் அதைத்தான் செய்தேன். இந்தத் தடவை செய்யவில்லை.

"கை நடுங்குதா டாக்டரம்மா?" என்றார் ஏ.

"என் கை நடுங்கல. டார்ட் சரியில்ல."

"நகக்கடக்காரரு சரின்னு சொன்னாரே."

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். சாயங்காலம் அலுமினியப் பெட்டியை எடுத்து எடுத்து வைத்தேன். அது நேராகப் போகுமோ? போனால் எலும்பு. சம்பந்தி டார்ட்டைக்கூட ஒரு தரம் சுட்டுப் பார்த்தேன். அதுவும் இடது.

மான் இன்றும் தண்ணீர் மட்டும் குடித்ததாம். ஏ. அண்ணன் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஒரு சவுக்கு மரத்தில் முகத்தைத் தேய் தேய் என்று தேய்க்கிறது. முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ரேஞ்சரிடம் "என்னால் ஆகாது, சென்னையிலிருந்து ஆளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடலாமா? கேட்டேன். அவர்கள் வர தீபாவளி கழிந்து ஆகுமாம்.

அக். 16, வியாழன்

எதை எழுதுவது, எப்படி எழுதுவது.

காலையில் மறுபடி சுட வந்தோம். அதற்கு முன் துப்பாக்கியைத் துடைக்கலாம் என்று ஏ. அண்ணன் குச்சியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டார். வெளியே எடுத்தார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இன்னா மஞ்சா மஞ்சாவா வருது?"

முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

இரண்டு வாரம் முன்னால் ஆயுத பூஜை. ரேஞ்சர் ஆபீஸில் ஜீப்புக்கு, அரிவாளுக்கு, டார்ச் லைட்டுக்கு, கம்ப்யூட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. மயக்கத் துப்பாக்கிக்கு மட்டும் நான் வந்துதான் வைக்க வேண்டும் என்று காத்திருப்பார்கள், சுடுகிற கை என்பதால். எனக்கும் அதில் ஒரு பெருமை. குழல் வாயில் கெட்டியாக ஒரு பொட்டு, மேலே குங்குமம், பூ. சந்தனம் உள்ளே வழிந்து, வாயின் ஒரு பக்கத்தில் காய்ந்து கல்லாகி உட்கார்ந்திருக்கிறது. லேசான டார்ட் வெளியே வரும்போது அதில் உரசி, இடது பக்கம் சாய்ந்து போகிறது. கனத்த டார்ட்டும் உரசும், கொஞ்சம்தான் விலகும். ஆனால் விலகும்.

ஏ. அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். தெருவே கோணல்தான், கோணலாக்கியவளும் நானேதான். சிரித்துக்கொண்டிருந்தபோதே மனசு கணக்குப் போட்டுவிட்டது. போன வருஷமும் ஆயுத பூஜைக்கு நான்தான் பொட்டு வைத்தேன். பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பெண் மான். அதற்கப்புறம் சுட்டது தெருக் காளைகளை மட்டும். பத்தடியில் நிற்கிற காளைக்கு எப்படிச் சுட்டாலும் படும், அதனால் தெரியவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மருந்தகத்தில் ஆட்டோடு வந்த கிழவர்கூட எட்டிப் பார்த்தார்.

ஏ. அண்ணன் துணியை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "நீங்க வெச்சீங்க. நாங்க எல்லாரும் நின்னு கும்புட்டோம். யாரும் உள்ள எட்டிப் பாக்கல. எல்லாருக்கும்தான் பங்கு கீது. எந்திரிங்க, மானு பசியோட கீது" என்றார்.

இதைவிட நல்ல ஆறுதலை எனக்கு யாரும் சொன்னதில்லை. அண்ணா, உங்கள் கால் தூசிக்கு வணக்கம். நேரில் சொல்ல மாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும்.

ஸ்பிரிட் ஊற்றி, நாலு தடவை துணி விட்டு, பல்குச்சியால் சுரண்டி எடுத்தோம். அதன் பிறகு அதே நான்கு டார்ட், அதே தூரம்:

1. வட்டத்துக்குள்.
2. வட்டத்துக்குள்.
3. இரண்டுக்கும் நடுவில்.
4. விரலிடை தள்ளி.

நான்கையும் என் உள்ளங்கையால் மூடினேன். நகைக்கடைக்காரர் சொன்னது சத்தியம், அண்ணன் தம்பிதான்.

அடுத்த வருஷம் பொட்டு கைப்பிடியில். எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லியாயிற்று.

அக். 17, வெள்ளி

காலையில் மழை, பிறகு விட்டது. இனி பிரச்சினை காற்று. தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மறைவே இல்லை. சாயங்காலம் அங்கே துப்பட்டா நிற்காது.

ஏ. அண்ணன் தன் கூட்டாளி தேசப்பனிடம் அழைத்துப் போனார். சதுரங்கப்பட்டினம், மீன் பிடிக்கிறவர், நாற்பது வயசிருக்கும், படகடியில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். வீடியோவைக் காட்டினோம். பெரிதாக்கிப் பார்த்தார்.

"வல யாருதுன்னு தெரிது. சொல்லமாட்டேன்."

"யாரு கேட்டா ஒன்னிய? காத்து எப்ப நிக்கும், அத்த சொல்லு மச்சான்" என்றார் ஏ.

"விடியகாலைல கரக்காத்து கடலுக்குப் போவும். பொழுது ஏறுனா கடக்காத்து இங்க வரும். நடுவுல அது போயி இது வரதுக்குள்ள ஒரு அர மணி நேரம் இலகூட ஆடாது. ஏழுலேர்ந்து ஏழரைக்குள்ள. மழ மோடம் இருந்தா சொல்ல முடியாது."

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஏழு முதல் ஏழரை. சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

மயக்கத்தில் இருக்கும்போது வலையைச் சீக்கிரம் வெட்ட வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார்.

"வெட்டுனா இழுபடும், தோலு கிழியும். முடிச்ச அவுத்தா தானா வுடும். நான் வரேன். கடலுக்கு நாளான்னிக்கிப் போய்க்கறேன்."

தீபாவளிக்கு முன் கடலுக்குப் போகாமல் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி நண்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டேன். காரம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவே சாக்கு.

அக். 18, சனி

ஏழு மணிக்குக் காற்று நின்றது, சொன்ன மாதிரியே. மான் வந்தது. முப்பது மீட்டர். தொடை தெரியவில்லை, மரம். காத்திருந்தேன். இன்னும் ஆறு அடி நகர்ந்தால் போதும்.

ஊருக்குள்ளிருந்து ஒரு லட்சுமி வெடி. போயிற்று மான்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. தேசப்பன் ஊர்ப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார், இங்கே எழுத முடியாது. பிறகு ஊருக்குள் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்: நாளைக்குக் காலை எட்டு வரைக்கும் யாரும் கொளுத்தக் கூடாது. கேட்பார்களா? சரி என்றார்களாம். மானுக்காக வெடியை நிறுத்துகிற ஊர். எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் முறுக்குக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறார் செந்தில். நான் சொல்லவே இல்லை.

அக். 19, ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும், மறப்பதற்கு முன்.

5.50 தோப்பில். ஏ., தேசப்பன், நான். ரேஞ்சர் ஜீப்போடு ரோட்டில். வானம் வெளுப்பு. மேகமில்லை.

7.05 காற்று நின்றது. ஊரில் ஒரு சத்தமில்லை. ஒரு வெடி இல்லை.

7.12 மான். மெதுவாக வருகிறது. தலை தொங்கி. நேற்றைவிட மோசம். மிதவை மரத்தில் இடிக்கும் சத்தம் கேட்கிறது.

7.16 இருபத்தொரு மீட்டர். பக்கவாட்டில் நின்றது. தொடை முழுசாகத் தெரிகிறது. அந்தப் பெண் மானிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சுட்டேன்.

நட்டநடுத் தொடையில். குஞ்சம் ஆடுவது தெரிந்தது. துள்ளி நாலு அடி ஓடி நின்றது. காலை ஊன்றியது. ஊன்றியது! ஏ. அண்ணன் என் தோளை அழுத்திய அழுத்தில் இப்போதும் வலிக்கிறது.

7.24 தள்ளாடி உட்கார்ந்தது. 7.27 சாய்ந்தது. ஓடினோம். கண்ணை ஈரத் துண்டால் மூடினேன். நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணினேன். தேசப்பன் மண்டி போட்டு உட்கார்ந்து, கத்தியைத் தொடாமல், விரலாலேயே ஒவ்வொரு முடிச்சாக. பத்து விரலும் பறந்தன. முகவாய் முடிச்சு மட்டும் தோலுக்குள் புதைந்திருந்தது. அதைப் பல்லால் கடித்து இளக்கினார். மானின் வாயும் மனுஷன் வாயும் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

காயம் கழுவி மருந்து. நாக்கு நன்றாக இருக்கிறது. தொடை: ஊசி இறங்கிய இடத்தில் மிளகு அளவு ரத்தம். எலும்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். முழுசு.

7.44 மயக்கம் தெளிய ஊசி. விலகி நின்றோம். 7.47 எழுந்தது. தடுமாறி நின்று, வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது. புல்லைக் கடிக்கவில்லை, வெறுமனே திறந்து திறந்து பார்த்தது. பிறகு தோப்புக்குள் போய்விட்டது.

கடல் காற்று சரியாக அப்போது வந்தது.

தேசப்பன் வலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். "உடையவங்கிட்ட குடுத்துடுவேன். தச்சிக்கலாம்" என்றார். நகைக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். கடை முழுக்கத் தீபாவளிக் கூட்டம். "இருங்க, எல்லாருக்கும் சொல்றேன்" என்று போனை வைக்காமலே கூட்டத்திடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆனால் நான் இன்னும் சந்தோஷப்படக் கூடாது. மானுக்குப் பயமே விஷம். பிடித்து விட்ட மான் நடந்து போகும், இரண்டு நாள், மூன்று நாள் கழித்துச் சதை கட்டிப்போய் விழும். படித்திருக்கிறேன். புதனைத் தாண்ட வேண்டும்.

அக். 20, திங்கள். தீபாவளி

விடியலில் எண்ணெய்க் குளியல். வெளியே வெடி. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். செந்தில் ஜன்னலைச் சாத்தினார். இங்கே ஜன்னலைச் சாத்தி அங்கே மானுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "உனக்கு ஆவும்" என்றார்.

புடவை கட்டிக்கொண்டேன். சாமி கும்பிடும்போது வேண்டுதல் எதுவும் வரவில்லை. ஆட்களின் முகம்தான் வந்தது. மூச்சை அடக்கி எடை போட்டவர். குழலுக்குள் துணி விட்டவர். பல்லால் முடிச்சவிழ்த்தவர், அவருக்குக் குழம்பு வைத்தவர். எட்டு மணி வரை தீக்குச்சியைத் தொடாத, பேர் தெரியாத பிள்ளைகள். முறுக்கு சுட்டவர். இவர்களை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி, அவ்வளவுதான் சொன்னேன். மான் செத்தாலும் இந்த நன்றி குறையாது என்று சொல்லிப் பார்த்தேன். பொய். குறையும்.

மத்தியானம் மழை. வெடி நின்றது. மழைக்கும் நன்றி.

ஏ. அண்ணன் புதுச் சட்டையோடு தோப்புக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். தென்படவில்லை.

அக். 21, செவ்வாய்

விடாத மழை. பத்து மணிக்குப் போன். "டாக்டரம்மா, தோப்பு ஓரம் நாயிங்க கும்பலா நிக்குது. எதயோ இழுத்துகினு கீது. நான் கிட்டப் போயி பாத்துட்டுச் சொல்றேன்."

பத்து நிமிஷம். ஒரு கன்றுக்கு வாயில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி என் புடவையில்.

"ஆடு. செத்த ஆடு. மானு இல்ல."

ஆட்டுக்காரருக்காக வருத்தப்பட வேண்டும். மன்னிக்கட்டும், படவில்லை.

அக். 22, புதன்

மழை விட்டிருக்கிறது. தொடையில் ஊதா மருந்து பூசியிருந்தேன், அதுதான் அடையாளம். காலையிலேயே நானும் ஏ. அண்ணனும் தோப்பு முழுக்க நடந்தோம். செருப்பில் சேறு. இரண்டு பெண் மான்கள். ஒரு குட்டி. ஊதா இல்லை. குட்டையருகே சாணம் கிடந்தது, புதிது. எந்த மானுடையதோ.

"இன்னும் கொஞ்சம் கடப்பக்கம் போவலாம்" என்றார். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போனோம்.

மழையில் துளிர்த்த புல். அதில் குனிந்து, தாடை அசைய அசைய, இழுத்து இழுத்து மேய்ந்துகொண்டிருந்தது. தொடையில் ஊதா.

காலடியில் சுள்ளி முறிந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. தெரிந்துகொண்டது போல.

ஓடிவிட்டது. நாலு காலிலும்.